மாமா கொண்டுவந்த நீல டிரம்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்தும், படம் போட்ட புத்தகத்திலிருந்து முப்பது வார்த்தையும் தெரியும். பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அதுவே பெரிய படிப்பு. இங்கிலீஷ் தெரிந்த பெண் என்று ஊரே சொன்னது, நானும் மறுக்கவில்லை.

எதிர் வீட்டில் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அத்தை நைனாவின் அக்கா; அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஏரியும் கடலும் பக்கத்திலேயே இருந்தாலும், குடிக்கிற தண்ணீருக்கு மணல்மேட்டைத் தாண்டி ஊற்றுக்குத்தான் போக வேண்டும். அத்தைக்கு இடுப்புவலி. ஒரு டிரம் இருந்தால் தினமும் நடக்க வேண்டாம் என்று மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மாமா ராயபுரத்தில் ஒரு கிடங்கில் சுமை தூக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் கூரைமேல் நீல நிற இரும்பு டிரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். காலி டிரம் என்று கிடங்கின் பின்னால் ஒதுக்கிப் போட்டிருந்தார்களாம்.

அதன் வயிற்றில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருந்தது. மாமாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"கண்ணு, இது இன்னான்னு படி. மருந்து கிருந்து வெச்சிருந்த டிரம்மா இருந்தா நமக்கு வேணாம்."

சுற்றிலும் கூட்டம். அந்த வரியில் நான்கு வார்த்தைகள். கடைசி வார்த்தை மட்டும் என் பாடப் புத்தகத்தில் குழாய்ப் படத்துக்குக் கீழே இருந்தது.

"வாட்டர்னு போட்டிருக்கு மாமா. தண்ணி டிரம்மு."

"மீதி எழுத்து?"

"தண்ணி ஊத்தி வெக்கிறதுக்குன்னு போட்டிருக்கான்" என்றேன், கண் இமைக்காமல். அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

பழைய டிரம் எது வந்தாலும் எங்கள் பக்கம் கழுவுகிற முறை ஒன்றுதான். ஏரித்தண்ணீரும் இரண்டு படி மணலும் உள்ளே விட்டு, மூடியை இறுகத் திருகி, கரையில் உருட்டுவோம். மணல் தேய்த்துத் துருவையும் நாற்றத்தையும் எடுத்துவிடும். அன்றைக்கு முதல் குடம் ஊற்றியதுமே டிரம்மின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. மூக்கு எரிந்தது. பழைய நாற்றம் உருட்டினால் போய்விடும் என்று அத்தை மூடியைத் திருகினாள். நானும் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு உருட்டினோம்.

பத்து அடி போவதற்குள் தகரம் கையைச் சுட்டது. டிரம் உப்பத் தொடங்கியது. பயந்துபோய் நாங்கள் விலகினோம். டிரம் வீணாகிவிடுமே என்று அத்தை ஓடிப்போய் மூடியைத் திருகித் திறந்தாள்.

உள்ளே கொதித்த நீரும் புகையும் அவள் முகத்தில் பீறிட்டு அடித்தன. மாமா அவளை அப்படியே தூக்கி ஏரியில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தார். பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். இன்னொன்று பால் விட்டதுபோல் வெளுத்தே போனது.

கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அது குளோரோசிலேன் வகை என்று புரிந்தது. சிலிக்கோன் ரப்பரும் எண்ணெயும் செய்ய அதுதான் மூலப்பொருள். ஈரக்காற்றுகூடப் படாமல், நைட்ரஜன் நிரப்பி மூடிய டிரம்மில்தான் கப்பலில் வரும். தண்ணீர் பட்டால் கொதித்து அமிலப் புகையைக் கக்கும். அடியில் இரண்டு கை அளவு தங்கியிருந்தால் போதும். தண்ணீரோடு மூர்க்கமாக வினை புரியும் என்பதுதான் அந்தச் சிவப்பு வரி. பாடத்தில் அதை வாசித்த அன்று வகுப்பில் தலை நிமிர முடியவில்லை.

ஆனால் அதைவிட வெட்கம் ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. "குப்பைய பொறுக்கினு வந்து எங்க அக்கா கண்ண புடுங்கிட்டியே" என்று நைனா எல்லோர் முன்னாலும் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். மாமா என்னைத் தனியாக அழைத்துக் குனிந்தார்.

"கண்ணு, நீ சரியாத்தான படிச்ச?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுக்கு உண்மை பொய் தெரியாதா? "ஆமா மாமா" என்றேன்.

தண்ணீர் டிரம் என்று எழுதிவிட்டு விஷத்தை வைத்திருக்கிறார்கள், சும்மா விடமாட்டேன் என்று மறுநாளே மாமா கிடங்குக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று நைனா கேட்டதற்கு, "விடு, என் தப்புதான்" என்று மட்டும் சொன்னார். நான் தப்பித்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகும் கடிதமோ நோட்டீஸோ எது வந்தாலும் மாமா என்னிடம்தான் கொண்டுவருவார். கொடுக்கும்போதெல்லாம் மெதுவாக ஒன்று சொல்வார்:

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு கண்ணு. அதுல இன்னா கீது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என் படிப்பையே சந்தேகப்படுகிறாரே என்று, நாள் முழுக்க அவரோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.