ஏழுமலையின் மனுவில் நான் எழுதாதது

ஏழுமலையின் கால் போனதற்குக் காரணம் நான். அறுத்தது மருத்துவர்தான்… ஆனால் நான்தான்.

செஞ்சியில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு போலிப் பத்திரத்தில் மாட்டிச் சிறைக்குப் போனேன். அது ஊருக்கே தெரியும். இப்போது உங்களிடம் சொல்வது யாருக்கும் தெரியாதது.

எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் சிறை நூலகத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். மின்விசிறி இருந்த அறை. மற்றவர்கள் வெயிலில் தோட்டம் கொத்தினார்கள்.

எங்கள் குறைகளைக் கேட்கக் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. சிறை அதிகாரிகள் யாருக்கும் கட்டுப்படாதவர். புகார்ப் பெட்டியின் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். உயிர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அன்றே நேரில் அழைத்து விசாரிப்பார். மற்றவற்றுக்குக் கடிதத்தில் பதில் வரும்.

தளவானூர் ஏழுமலை என்னோடு இருந்த கைதி. என்னைவிட மூத்தவர், கைநாட்டு. சர்க்கரை நோயால் இடது பாதத்தில் ஆறாத புண். எத்தனை கெஞ்சியும் வார்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

"ரைட்டரே, கால் நாறுது. அந்த அம்மாவுக்கு எழுதிப் போடு" என்றார் ஏழுமலை.

வார்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "கால் மேட்டரு பெட்டிக்குள்ள போச்சுன்னா என் வேலை பூடும். நீயும் நாளைக்கே மம்முட்டி எடுத்துக்குனு தோட்டத்துக்குப் போயிடுவ" என்றார்.

அவ்வளவுதான். அடிக்கக்கூட இல்லை. ஏழுமலையின் மனுவில் குளிக்கத் தண்ணீர் போதவில்லை என்று எழுதினேன்.

"காலைப் பத்தி நல்லா எழுதிக்கிறியா?" என்று கேட்டபடி ஏழுமலை கட்டை விரலை அழுத்தினார்.

"எழுதிட்டேன்."

பதில் வந்தது. தண்ணீர்த் தொட்டி சரிசெய்யப்படும். வேறு குறை இருந்தால் அடுத்த முறை தன்னிடம் நேரில் சொல்லலாம்… இதுதான் அந்த அம்மா எழுதியது. நான் என்ன வாசித்துக் காட்டினேன் தெரியுமா? சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று!

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே… ஏன் சொல்லவில்லை?

தொட்டி ஒரே வாரத்தில் சரியானது. நானும் அதில் குளித்தேன்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது ஏழுமலை போய்ப் பார்க்கவில்லை. "அதான் அனுப்பறேன்னு எழுதிட்டாங்களே. திரும்பத் திரும்பக் கேட்டா கோச்சிக்குவாங்க" என்றார். நான் தலையாட்டினேன். பத்து நாளில் காய்ச்சல் கண்டு நினைவு தப்பி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இருவரும் விடுதலையாகிவிட்டோம். நான் இப்போது செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறேன். போன மாதம் ஏழுமலை ஊன்றுகோலோடு பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு வேண்டுமாம்.

"உன்ன உட்டா எனக்கு யாரு எழுதுவா?" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "என் தம்பி இப்போ அதே ஜெயில்ல இருக்கறான். நெஞ்சு வலியாம், யாரும் கண்டுக்கலியாம். அந்த அம்மாவுக்கு மனு போடட்டுமான்னு கேட்டான். வேணாம்டா, எல்லாம் ஏமாத்து, என் காலே சாட்சின்னுட்டேன். நீயே சொல்லு ரைட்டரே, நான் சொன்னது சரிதானே?"

மனு போனால் அந்த அம்மா நேரில் விசாரிப்பார். எனக்குத் தெரியும்… அன்று ஏமாற்றியது அவரல்ல, நான்தான் என்று என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"சரிதான்" என்றேன்.

ஏழுமலை கிளம்பிப் போனார். அவர் தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை…