நீரூற்றும் அண்ணாவின் குளிப்பும்

துறைமுகத்துக்குப் போகும் சந்தியில் அந்த நீரூற்றைக் கட்டி முடித்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் பைப் இருமத் தொடங்கியது. நாலு கல் சிங்கங்கள், நடுவில் தாமரை, அதற்கு மேலே தென்னை உயரத்துக்குத் தண்ணீர். நாட்டின் சின்னம் என்று திறப்பு விழாவில் ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. ஊர்க் குழாய்த் தண்ணீர்தான் அதற்கும் போனது. அது பாய்ந்தால் எங்களுக்குக் காற்றுத்தான் வரும். எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. அண்ணாவுக்கோ அப்படியொரு பெருமை. சம்பூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் தேத்தண்ணி குடிக்கவும் விடாமல் அங்கே இழுத்துக்கொண்டு போவார். "உனக்கு எல்லாத்திலயும் குறைதான்ரா" என்று என்னைச் சீண்டுவார்.

எங்கள் கிணறு உப்பு. அதில் குளித்தால் அண்ணாவுக்கு உடம்பெல்லாம் கடிக்கும், சொறிந்துகொண்டே இருப்பார். துவாயைத் தோளில் போட்டபடி பைப் தண்ணீருக்குக் காத்திருப்பார். வந்ததும் அம்மா குசினியிலிருந்து எனக்குக் குரல் கொடுப்பார்: "தண்ணி வந்திட்டுது. கொண்ணனைக் குளிக்கச் சொல்லு."

அண்ணா நெஞ்சுவலியில் ஆசுபத்திரியில் செத்துப்போனார். மறுநாள் சுதந்திர தினம். காலையில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். பைப்பைத் திறந்தேன். வெறும் காற்று. விழாவுக்காக நீரூற்றை முழு வேகத்தில் விட்டிருந்தார்கள்.

"உப்புத் தண்ணி என்ர பிள்ளையில படக் கூடாது" என்றார் அம்மா.

இரண்டு வாளியோடு சந்திக்கு ஓடினேன். கயிறு கட்டியிருந்தார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் மறித்தார்.

"செத்த வீடு ஐயா. ரெண்டு வாளி அள்ள விடுங்கோ."

"ஏலாது தம்பி. பெரிய ஆக்கள் வரப் போகினம். விழா முடியட்டும்." அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் தண்ணீர் வானத்துக்கு ஏறி ஏறி விழுந்தது. "நாசமாய்ப் போக!" என்று வாளியை நிலத்தில் அடித்தேன். வாளிதான் வெடித்தது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா குடிக்க வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது தலைக்குத்தான் காணும். மிச்ச உடம்புக்குக் கிணற்றில் அள்ளினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தோளில் ஊற்றும்போது, ஐயோ கடிக்குமே என்று என் கை பின்வாங்கியது. எனக்கு விசர்தான்.

பின்னேரம் சுடலையிலிருந்து திரும்பினோம். குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விழா முடிந்திருந்தது. பைப் பாய்ந்துகொண்டிருந்தது, தொட்டி நிரம்பி முற்றமெல்லாம் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் அம்மா அண்ணாவின் துவாயோடு நின்றார்.

"தண்ணி வந்திட்டுது" என்றார். "கொண்ணனைக் குளிக்கச் சொல்லு."