சீரோடு வந்த நாய்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய் தபால்காரரைக் கடித்துவிட்டது. அல்சேஷன், டாபர்மேன், கோம்பை எல்லாமே கடிக்கிற ஜாதி, பிறவிக்குணத்தை யார் மாற்ற முடியும் என்று தெருவே நின்று பேசியது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த ஓரிரண்டு வருடங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் அப்பா மலையில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் அல்சேஷன் நாய் போட்ட குட்டிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒன்று அப்பாவுக்கு வந்தது. என் புகுந்த வீட்டுக்காரர்கள் வயல் உள்ளவர்கள். என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். வயலையும் களத்தையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய அண்ணன். தலைப்பொங்கல் சீர் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் அந்தக் குட்டியையும் கேட்டார்.

அப்பா பானை, பச்சரிசி, கரும்பு, ஏத்தன் வாழைக்குலை எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். கூடவே ஓர் ஓலைக் கடவப்பெட்டியில் குட்டி. அதற்கு இன்னும் காது நிமிரவில்லை. புறப்படும்போது அப்பா அண்ணனிடம் சொன்னார்.

"தம்பி, இது பலமுள்ள இனம். அதனாலதான் சின்னதுலே பழக்கணும். ஒரே ஆளு சோறு போடணும். இருண்ணு சொன்னா இருக்கணும், விடுண்ணு சொன்னா விடணும். முதுகில கை வச்சுத் தடவி ஆள் மணம் பழக்கணும். அடிக்கப்பிடாது. தொரை இதுக்க தாயோட ஒரு வருசம் பாடுபட்டாரு, நான் கண்ணால கண்டேன்."

அண்ணன் சிரித்தார். "அப்பம் சிலேட்டும் குச்சியும் சேத்துக் கொண்டாந்திருக்கலாமே. எங்க வீட்டுல மனுசப்பயக்களே ஆறாங்கிளாஸ் தாண்டல்ல."

"களத்துக்குக் காவல் வேணும்," என்றார் மாமனார். "குரைக்கணும், கடிக்கணும். அதுக்கு என்ன படிப்பு?"

மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒங்கப்பா நாயத் தடவச் சொல்லுகாரு, கேட்டியா? தொட்ட கையோட அடுக்களைப் பக்கம் வந்திராதே."

சைவ வீடு. நாயைத் தொட்டால் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அத்தனை வேலைகளுக்கு நடுவில் யார் எத்தனை முறை முழுகுவது? அதனால் ஒருவரும் தொடவில்லை. தொழுவத்துத் தூணில் கட்டினார்கள். விலக்க வேண்டுமென்றால் கம்பால் தள்ளினார்கள். ஒரு கையால் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே மறுகையில் இருந்த கம்பால் நாயைத் தள்ளுவார் மாமனார். நல்ல மனிதர்தான். மாட்டுக்கு ஒரு நியாயம், நாய்க்கு ஒரு நியாயம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சோறு வைப்பது என் வேலை. பழையதும் மோரும். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இரு" என்பேன். முதலில் குதிக்கும், சங்கிலியை இழுக்கும். நானும் காத்து நிற்பேன். உட்கார்ந்த பிறகு சட்டியைக் கீழே வைத்துத் தென்னைமட்டையால் அதன் பக்கம் தள்ளுவேன். சில மாதங்களில், சட்டி முன்னால் இருந்தாலும் நான் "தின்னு" என்று சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டது. ஒருநாள் குளிக்கப் போகும்போது தொழுவத்தில் யாரும் இல்லை. அதன் நெற்றியில் கை வைத்தேன். அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது. பிறகு தலையை என் உள்ளங்கைக்குள் தள்ளியது. அன்றிலிருந்து தினமும் குளிக்கப் போகும் வழியில் தொட்டேன். குளிக்கத்தானே போகிறேன், யாருக்கு என்ன தீட்டு?

முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுப்பு நெருங்கியது. களத்துக்கு நாயைக் கொண்டுபோய்ப் பார்த்த அண்ணன் முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். புது ஆட்களைப் பார்த்து அது வாலாட்டியதாம்.

"பொம்பள வளத்த நாயி," என்றார் மாமியாரிடம். "வாலாட்டுகதுக்கா தீனி போடுகோம்? இனி நான் பாத்துக்கிடுகேன். அவளைப் பக்கத்துல போகாண்டாம்ணு சொல்லுங்க."

ஜன்னல் இல்லாத விறகுப்புரையில் நாயை அடைத்தார். பச்சைமிளகாய் அரைத்துப் பிசைந்த சோறு வைத்தார்; அப்படிச் செய்தால் ரோசம் ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. "நெல்லு களவாங்க வாறவன் சாக்கோடதான வருவான்? சாக்கக் கண்டாலே பாயணும்," என்று ஒரு யோசனை கண்டுபிடித்தார். வயலில் வேலை செய்த ஒருவரைத் தலைவழியாகச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போய் நாயைக் கம்பால் குத்தச் சொன்னார்.

அந்த ஆள் தயங்கினார். "ஏமானே, நாளப்பின்ன வழியில கண்டா இது எனக்க மொகத்த மறக்காது."

"சாக்குக்குள்ள ஒனக்க மொகத்த அது எங்க கண்டுது? போலே."

சாயங்காலந்தோறும் இது நடந்தது. அடுக்களைவரை சத்தம் கேட்கும். நாய்க்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் கொடுத்த படிப்பு இது. "அடிச்சா கெட்டுப்போவும்ணு அப்பா சொன்னாவளே, அத்தை," என்று ஒருமுறை துணிந்து சொன்னேன். "ஒங்கப்பா தொரைக்குக் கணக்கெழுதினாரா, நாய்க்குப் பேறு பாத்தாரா?" என்றார் மாமியார். அண்ணன் சிரித்தார். நான் அரிசி களைந்தேன்.

அறுப்பு முடிந்து, மாடு கட்டிச் சூடடித்த நெல் களத்தில் குவிந்து கிடந்த ஒரு பிற்பகல். காவல் குடிலின் தூணில் நீளச் சங்கிலியில் நாய் நின்றது. திடீரென்று மேற்கே கறுத்து மழை பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்த எல்லோரும் களத்துக்கு ஓடினோம். வயல்வேலையில் குடை பிடிக்க யாருக்குக் கை இருக்கிறது? சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். மாமனாரும் அப்படிப் போட்டுக்கொண்டு, வைக்கோலை அள்ளி நெல்மேல் மூடக் குனிந்தார். நாய் குரைக்கவில்லை. பாய்ந்து அவர் கையைக் கவ்வியது.

"இரு" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியது அந்த ஒருமுறைதான். நாய் கையை விட்டது. கொட்டும் மழையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மாமனாரைக் குடிலுக்குள் தூக்கிப்போய் வேட்டியைக் கிழித்துக் கையைக் கட்டினார்கள்.

"சோறு போட்ட வீட்டையே கடிச்சிட்டு," என்றார் அண்ணன். "வெள்ளக்காரன் வளத்த ஜாதி. புத்தி எங்க போவும்?"

"ஒங்கப்பன் தந்த சீரு நல்லாருக்குட்டி," என்றார் மாமியார்.

"மலைக்கு அனுப்பிருங்கோ, அத்தை. அப்பா வந்து கூட்டிட்டுப் போவாவ. கொன்னு போடாண்டாம்."

விறகுப்புரையில் நாயைக் குத்திய அந்த வேலையாளை அண்ணன் கூப்பிட்டு, நாயைத் தோப்புக்குக் கொண்டுபோய் முடிக்கச் சொன்னார். அவர் கம்பை எடுத்துக்கொண்டு மழையில் நின்றபடி கேட்டார்.

"சாக்குப் போடணுமா, வேண்டாமா, ஏமானே?"

அண்ணன் அவரை முறைத்தார். சாக்கில்லாமலே அந்த ஆள் போய்ச் சங்கிலியை இழுத்தார். நாய் அவரைக் கடிக்க வரவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நான் இரு என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அது சேற்றில் வழுக்கிப்போய் மறுபடி உட்கார்ந்தது, கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. நான் சொன்னால் அது கேட்கும் என்று அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. மாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

"அவளை விளிக்கச் சொல்லுங்கம்மா. அவ சொன்னா தோப்புக்கு நடந்து போவும்."

நான் விளிக்கவில்லை. இருந்த இடத்திலேயே அடித்தார்கள். கடிக்கிற ஜாதி என்று பேர் வாங்கிய நாய், கடைசிவரை ஒருவரையும் திருப்பிக் கடிக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சீர் கொண்டுவர வேண்டாம் என்று அப்பாவுக்கு ஆள் போயிற்று. அவர் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மறுநாள் காலையில் மாமனாரை நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். நாயைக் கட்டிப்போட்டிருக்கிறீர்களா, பத்து நாள் பார்த்தால் வெறிநாய் விஷம் உண்டா என்று தெரிந்துவிடும் என்று டாக்டர் கேட்டாராம். கொன்றுவிட்டோம் என்றதும் வயிற்றில் முதல் ஊசியைப் போட்டு, தினமும் வரச் சொன்னாராம். களத்தில் வெயில் அடித்தது. நான் நனைந்த நெல்லைப் பரப்பினேன்.