ஒற்றை பூட்ஸ்

என் வலது கால் முறிந்தபோது எனக்குப் பதினாறு வயது. தொண்ணூறுகளின் நடுவில், நந்தனத்தில் ஒரு மைதானம். பந்துக்கு நானும் எதிராளியும் ஒரே நேரத்தில் காலை வீசினோம். சத்தம் கோல் போஸ்ட் வரை கேட்டதாம். மீன்பாடி வண்டி ஓட்டும் அப்பா, என்னை அதிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார்.

அங்கே மாவுக்கட்டு போட்டு, தாங்கள் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஆற்றோரக் குடிசைகளில் யாரும் அவ்வளவு நாள் விட்டுவைப்பதில்லை. உள்ளே கால் வெந்துபோகும், நாட்டுக்கட்டுதான் எலும்பைக் கூட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்பா காலைப் பிடித்துக்கொள்ள, அம்மா மாவுக்கட்டை நனைத்து அறுத்தாள். பிறகு வைத்தியரிடம் போய், மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளையும் வைத்து நாட்டுக்கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் மிஞ்சிய மஞ்சள் கருவை அம்மா டம்ளரில் கொண்டுவந்து பொரித்துக் கொடுப்பாள். கால் கூடியது, கொஞ்சம் வளைந்து. யார் பேச்சைக் கேட்டு அறுத்தோம் என்று அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

என் பூட்ஸ் சுவரில் ஆணியில் தொங்கியது. அது தொங்கும்வரை நான் டீமில் இருப்பதாகத்தான் என் கணக்கு.

அப்பா மாலையில் மைதானத்துக்குப் போவதை விடவில்லை. முன்பு எனக்காக ஒரு அவித்த முட்டையை மடியில் கட்டிக்கொண்டு போவார். இப்போது என் இடத்துக்கு வந்தவனைப் பார்க்கப் போனார்.

"எப்டி ஆடுறான்?" என்று கேட்பேன்.

"சுத்த வேஸ்ட்டு நைனா. பந்து வந்தா இவன் பயந்து ஓடுறான்."

எனக்குச் சோறு இறங்கும். சில வாரம் கழித்து, "பரவால்ல, ஹெட்டு போடுறான்," என்றார். அப்புறம் அவன் இடது கால் அடியைப் பற்றி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். என்னிடம் சொல்வதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் அடுப்பில் முட்டை வெந்தது. எனக்கென்று காத்திருந்தேன். அது அவர் மடிக்குப் போனது.

எங்கள் பக்கம் விரல் போனவர்களும் கை போனவர்களும் இருந்தார்கள், பிழைத்தார்கள். வலியையும் தாங்கிக்கொண்டேன். அந்த முட்டையை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. முகம்கூடத் தெரியாத அவனுக்கும் கால் போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பா ஆணியைப் பார்த்துக்கொண்டே, "அவன் பூட்ஸு கிழிஞ்சி கீது. இது சும்மாதானே தொங்குது," என்றார்.

"அவனுக்குப் பத்தாது," என்றேன்.

"பத்தும் நைனா. பாதம் அளந்து பாத்தேன்."

பந்தாட்டத்தையே திட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். வலது பூட்ஸை மட்டும் கழற்றி அவர் கையில் வைத்தாள். "இந்தா, ஒடஞ்ச காலுது. எட்த்துகினு போ. இன்னொண்ணு என் புள்ளைக்கு வோணும்."

"ஒத்த பூட்ஸ வச்சிகினு அவன் இன்னா நொண்டியா ஆடுவான்?"

"ஏன், எம்புள்ள ஆடல?"

அப்பா அந்த ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊட்ல குந்திகினு இந்தக் காலையே பாத்துகினு இருக்க முடியல," என்றார்.

பூட்ஸை அவரே திரும்ப ஆணியில் மாட்டினார். அன்று மைதானத்துக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தார்.

மறுநாள் போனார். மடியில் முட்டை இருந்தது.