மேற்கு ஜன்னல் வெளிச்சம்

சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தன் தோலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் போட்டோக்காரர். "வெயில் இன்னும் பழுக்கல" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பெஞ்சில் காத்திருந்த நர்ஸும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் ஸ்டூடியோ. கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். விளக்கு என்று மருந்துக்கும் கிடையாது. காலையில் கிழக்கு ஜன்னலோரம் குழந்தைகளை எடுப்பார். உச்சி வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார். யாராவது தட்டினால், "மேலேருந்து அடிக்கிற வெயில்ல ராஜாவே வந்து நின்னாலும் கண்ணு ரெண்டும் குழியாத்தான் விழும். அப்புறமா வாங்க" என்று படுத்தபடியே குரல் கொடுப்பார். அவரை வெயிலண்ணன் என்றுதான் தெருவே கூப்பிடும்.

எப்போதும் கறுப்புச் சட்டைதான். ஒருமுறை மச்சினி ஆசையாக வாங்கித் தந்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண்ணைப் படமெடுக்கப் போனார். சட்டையில் பட்ட வெயில் திரும்பிப் பெண்ணின் தாடையில் விழுந்து, படமெல்லாம் பச்சை. அன்றோடு மற்ற நிறங்களுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். "மச்சினி இன்னும் என்கூடப் பேசறதில்ல" என்பார், கொஞ்சம் பெருமையாகவே.

நர்ஸ் நல்ல கறுப்பு. தலைமை நர்ஸ் ஆகியிருந்தாள். வார்டு வாசலில் அவள் படத்தை மாட்ட வேண்டும். இதுவரை ஏறி இறங்கிய இடங்களில், ஒன்று, பளீரென்று விளக்கடித்து முகத்தில் சாம்பல் பூசினாற்போல் ஆக்கினார்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் வெளுத்துத் தந்தார்கள். வெளுத்த படம்தான் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. "அது நான் இல்லம்மா. எவளோ ஒருத்தி படத்தை மாட்டிட்டு அதுக்குக் கீழ நான் தினமும் நடக்கணுமா?" என்று மகள் சண்டை பிடித்தாள். இங்கேயும் சரியாக வராவிட்டால் வெறும் சட்டத்தையே மாட்டட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினாள். அம்மா விடவில்லை. படியிலேயே நிறுத்தி ஒரு கன்னத்தில் பவுடரை அப்பினாள்; மறு கன்னத்துக்கு வருவதற்குள் மகள் கையைத் தட்டிவிட்டாள்.

மறுபடி கை வெளியே போனது. "வந்துடுச்சு. எந்திரிங்கம்மா."

சாய்ந்து நுழைந்த வெயில் உள்ளே வெள்ளைச் சுவரில் பட்டு, சூடு தணிந்து அவள் முகத்துக்கு வந்தது.

"சிரிக்கணுமா?"

"வேணாம். ஷிப்ட் முடிஞ்சு செருப்பை மாட்டறப்ப எப்படி இருப்பீங்களோ, அப்படி இருங்க."

எடுத்து, கேமராவின் சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனால் அதற்குள் இத்தனை நிறங்கள் உண்டென்று இத்தனை வயதுக்கும் அவளுக்குத் தெரியாது. நெற்றியில் செம்பு ஓடியது, மூக்கோரம் தேன் நிறம், கழுத்துக்குக் கீழே கத்தரிப்பூ நிழல். பவுடர் கன்னம் மட்டும் சுண்ணாம்பு பட்டதுபோல் தனியாக நின்றது.

"நானா அண்ணே இது?"

"நீங்களேதான். இந்நேரத்து வெயிலுக்கு இப்படி ஒரு முகம் கெடைச்சா கொண்டாட்டம்."

கன்னத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்; வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள். படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க தம்பி, இன்னொண்ணு எடுங்க" என்றாள். பிறகு கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்து, மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கன்னத்துப் பவுடரை அழுந்தத் துடைக்க ஆரம்பித்தாள்.