ஹீப்புக்கு வெளியே நின்ற லோரிகள்

மலேசிய வானொலியில் அவசரகாலம் என்று அறிவித்ததும், மறுபடியும் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போடுவார்களா என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெரியவர்கள் கேட்டார்கள். இது கொரோனா நோய்க்காகப் போட்ட அவசரகாலம், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது வேறு என்று நான்தான் வீடு வீடாகச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் முடித்து, சிரம்பானில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அலுவலகத்தை மூடிவிட்டதால் புக்கிட் பெலண்டோக் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கே மடிக்கணினியோடு திரும்பிவிட்டேன்.

வீட்டில் இணையம் எட்டாது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை பிள்ளைகள் வராமல் பூட்டிக் கிடந்தது; அங்கே நன்றாகக் கிடைத்தது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சாவி வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் குட்டை மேசையில் கணினியை வைத்துக்கொண்டேன். முழங்கால் உள்ளே நுழையாது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டத்தில் இப்படி ஒரு வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பழக் குலைகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலை ஒன்றின் எடைமேடைக்கு எங்கள் நிறுவனம் ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தது. லோரி மேடையில் ஏறி நின்றதும் கேமராக்கள் படம் பிடிக்கும். நிரல் வண்டி எண்ணைப் படித்து, குலைகள் பழுத்திருக்கின்றனவா என்று பார்த்து, எடையைப் பதியும். அவசரகாலத்தில் ஆலை மாலையிலேயே வாசலை மூட வேண்டியிருந்தது. ஆனால் நிரல் தினமும் பிற்பகலில் செத்து விழுந்தது. அதை எழுப்புவதற்குள் லோரி வரிசை பெரிய சாலை வரை போய்விடும். கடைசியில் நின்றவை சுமையோடு திரும்பும். மறுநாளைக்குள் பழம் நைந்து தரம் இறங்கிவிடும். அப்படித் திரும்பிய லோரிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா. வரிசையில் நின்றே பொழுது போனதால் நாளைக்கு ஒரு நடைதான் அவரால் ஓட்ட முடிந்தது.

“ஒங்க கம்ப்யூட்டர் இன்னிக்கும் மத்தியானச் சோத்தத் தின்னுட்டுப் படுத்துருச்சும்மா” என்பார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

ஆலை கெடு வைத்தது. இன்னொரு நாள் வரிசை நின்றால் நிரலைக் கழற்றிவிடுவார்களாம். அந்த நிரலைக் கவனிப்பதற்காகவே எடுக்கப்பட்டவள் நான். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரல் போனால் நானும் போக வேண்டியதுதான்.

நினைவகம் போதாமல் சாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் குழுவும் ஜாவாவில் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்திருந்தது: ஹீப்பைப் பெரிதாக்கியிருந்தது. ஜாவாவில் நாம் உருவாக்கும் பொருள்களெல்லாம் ஹீப் என்ற இடத்தில்தான் இருக்கும். அது நிறைய ஆரம்பித்தால் குப்பை அள்ளும் பகுதி வந்து, வேண்டாதவற்றைத் தானாகவே அள்ளிவிடும். அந்தப் பழக்கத்தில், இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வருவதில்லை.

நிரல் செத்த நேரங்களின் வரைபடங்களை ஒரு காலை முழுக்கப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஹீப் பாதி நிறைந்திருக்கவில்லை. அப்படியானால் இடத்தைத் தின்றது எது? படங்கள். படத்தை ஆராயும் பகுதி வேறு மொழியில் எழுதப்பட்டது, அதனால் படங்கள் ஹீப்புக்கு வெளியே இருந்தன. உள்ளே இருந்தது, ஒவ்வொரு படத்தையும் பிடித்திருக்கும் சின்னக் கைப்பிடி மட்டும். குப்பை அள்ளும் பகுதி அந்தக் கைப்பிடியை அள்ளினால்தான் வெளியே இருக்கும் பெரிய படமும் போகும். ஹீப்போ பாதிகூட நிறையவில்லை, அதனால் குப்பை அள்ளும் பகுதி வரவே இல்லை. வெளி இடம் தன் உச்சவரம்பை எட்டினாலும் அந்தப் பகுதி வரும், ஆனால் அந்த வரம்பைத் தனியாகச் சொல்லாவிட்டால் அது ஹீப்பின் அளவையே எடுத்துக்கொள்ளும். ஹீப்பைப் பெரிதாக்கியதில் அந்த வரம்பும் உயர்ந்து, இயந்திரத்தில் மீதமிருந்த இடமும் சுருங்கிப்போயிருந்தது.

குழுத் தலைவரை அழைத்து, ஹீப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றேன். சிரம்பான் டவுனில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

“தங்கச்சி, பசிச்சு அழுவுற பிள்ளைக்குப் பாலக் கொறைக்கச் சொல்றியா?”

“அழுவுறது அந்தப் பிள்ள இல்லண்ணே. பக்கத்துத் தூளில கெடக்குற பிள்ள.”

எங்கள் லயத்துக் குப்பைத் தொட்டியை வைத்து விளக்கினேன். தொட்டி நிறைந்தால்தான் டிராக்டர் வரும். பெரிய தொட்டி வைத்த வருடம் டிராக்டர் எப்போதாவதுதான் வந்தது, தொட்டிக்கு வெளியே குவிந்ததில் கொல்லைப்புறம் நாறியது.

“தோட்டத்துக் கதையெல்லாம் எனக்கு வேணாம் லா. நாளைக்கு விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேண்ணே. எம்பேரப் போட்டுக்குங்க.”

அவர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, வெளி இடத்துக்கும் தனி வரம்பு போடச் சொல்லி, மாற்ற அனுமதி கொடுத்தார்.

மறுநாள் ஆயாக்கொட்டகையை விட்டு நான் நகரவில்லை. வெளி நினைவகத்தின் கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. பிறகு சரிந்து இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. பிற்பகல் கடந்தும் நிரல் உயிரோடு இருந்தது. அப்பா வெளிச்சம் போவதற்குள் காலி லோரியோடு வந்து சேர்ந்தார்.

இது தற்காலிக ஏற்பாடுதான். அடுத்த நாள்களில் நிரலையே மாற்றினேன். லோரி மேடையை விட்டு இறங்கியதும் அதன் படங்களுக்கான இடத்தை நாங்களே விடுவித்துவிட வேண்டும். எண்ணைப் படிப்பது பாதியில் தோற்றாலும் விடுவிக்க வேண்டும். அதே நேரம், படித்துக்கொண்டிருக்கும்போதே விடுவித்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் நிரல் நின்ற இடத்திலேயே விழும். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. புதிய நிரலை ஏற்றிய பின் அந்தக் கோடு ஒரே உயரத்தில் அமைதியாக ஓடியது.

“திங்கக்கெழம கூட்டத்துல இத நீயே சொல்லிரு தங்கச்சி” என்றார் தலைவர். “அந்தத் தொட்டிக் கதையையும் சேத்துச் சொல்லு.”

அன்று மாலை அப்பாவிடம், இனி நிற்காது என்றேன். அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் ஓடுமா?”

“ஓடும்பா.”

“சரி. அப்ப ரெண்டாவது நடைக்கும் வரேன்னு மண்டோர்கிட்ட சொல்லிர்றேன்” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார்.