நாய் சைவமோ?

எனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று என் கணவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. வந்த கிழமையே அதற்கு எது பிடிக்கும், எது செமிக்கும், எதைத் தின்றால் மயிர் மினுங்கும் என்று மனிதர் ஊரெல்லாம் விசாரித்துத் திரிந்தார். அப்போது எனக்கு வந்த எரிச்சலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கொஞ்சம் எரிச்சலும் வருகிறது, பொய் சொல்வானேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கணவரின் வீடு வலிகாமத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் இருவரும் மாமனாரும்தான் வீட்டில். மாமா வெங்காயக்காரர். கிண்டிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டு, விலை ஏறும்வரை அசையாமல் இருப்பார். அந்த வருடம் கள்ளன் வந்து ஒரு வரிசை முழுவதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டு ஊர்நாய் படுத்த இடத்திலிருந்து வாலை ஆட்டி அவனை வழியனுப்பியிருக்கும், அவ்வளவு நல்ல குணம் அதற்கு. பெரிய நாய் ஒன்று வேண்டும் என்று மாமா அன்றைக்கே முடிவு செய்தார்.

காங்கேசன்துறையில் குவார்ட்டர்ஸில் இருந்த எஞ்சினியர் ஒருவர் கணவருடன் படித்தவர். ஆபிரிக்காவில் வேலை கிடைத்துப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவரிடம் கன்றுக்குட்டி அளவில் ஒரு அல்சேசன் இருந்தது. மாமாவும் கணவரும் பஸ் ஏறிப் போனார்கள். நாயைப் பார்த்ததுமே கணவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசல் படலைக்குள் வராது. ஊரார் மச்சம் என்று சொல்லும் அந்தச் சொல்லையே மாமா வாயால் சொல்லமாட்டார். 'மற்றது' என்பார், அதையும் சத்தம் குறைத்து. ஆகவே அங்கேயும் நேராகக் கேட்காமல், "தம்பி, நாய் சைவமோ?" என்று கேட்டிருக்கிறார்.

எஞ்சினியர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இஞ்சை இருக்கும்வரை வேதம், ஐயா. உங்களிட்டை வந்தால் பிறகென்ன, சைவம்தானே" என்றாராம். இருவரும் மனம் குளிர்ந்து நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

புறப்படும்போது எஞ்சினியர் இன்னொன்றும் சொன்னாராம். பிளேன் ஏறுமுன் ஒருநாள் வந்து பார்ப்பார். நாய்க்கு இடம் ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்க் கொழும்பில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்.

முதல் நாள் சோறும் பருப்பும் நெய்யும் வைத்தோம். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, இலை போட்ட பிறகு கறி வருமென்று காத்திருக்கும் விருந்தாளி மாதிரி எங்களைப் பார்த்தது. அடுத்த நாள் இடியப்பமும் சொதியும். சொதியை நக்கிவிட்டு இடியப்பத்தை விட்டது. பிட்டைக் காகங்களுக்கு விட்டுக்கொடுத்தது. பேக்கரிப் பாணைப் பாலில் ஊறவைத்தால் பால் போகும், பாண் கிடக்கும்.

கணவர் விசாரித்து வந்ததெல்லாம் என் அடுப்புக்குத்தான் வந்தது. பயறு அவி என்றார், அவித்தேன். குரக்கன் கூழ் என்றார், காய்ச்சினேன். யாரோ முருங்கையிலை நல்லதென்றார்களாம், அதையும் வறுத்தேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கஞ்சிக்கு வழியில்லை, நாய்க்கு நாளுக்கொரு பலகாரம். எந்த வீட்டு ஞாயம் இது?

"பயறிலை இல்லாத சத்தோ?" என்றார் மாமா. "நான் இவ்வளவு காலமும் மரக்கறி திண்டுதானே தோட்டம் கொத்தினனான்?"

"ஐயா, நாய் தோட்டம் கொத்தாதே" என்றார் கணவர்.

நாய் நாளுக்கு நாள் காய்ந்தது. முதுகெலும்பை எண்ணலாம் போலிருந்தது. ஆனாலும் பண்புள்ள நாய். அதற்குத் தமிழ் தெரியாது. மாமா "இரடா" என்றால் எழும்பி நிற்கும், "சிற்" என்றால்தான் குந்தி இருக்கும். மாமாவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசுச் சொல் அது. அதை அவருக்குப் படிப்பித்ததும் நாய்தான். பகலெல்லாம் அவருடைய சாய்மனைக் கதிரைக்குக் கீழே படுத்திருக்கும். அவரும் குனிந்து அதன் விலாவைத் தடவிப் பார்ப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வருவதாக எஞ்சினியர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அதன் பிறகு கணவருக்கும் சோறு இறங்கவில்லை. "உந்தக் கோலத்திலை கண்டால் கொண்டுபோயிடுவான் அவன்" என்று கிணற்றடியில் என்னிடம் சொன்னார். வாளியை இறக்கவும் மறந்து நின்றார். கலியாணம் முடித்து அவரை நான் அப்படிக் கண்டது அதுதான் முதல் தடவை. பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் முற்பகல் நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் மீன்காரனின் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. மாமாவுக்கு மரியாதை வைத்து அவன் எங்கள் படலையடியில் அடிக்கமாட்டான், இரண்டு வீடு தள்ளித்தான் அடிப்பான். நாலுநாளாக அசையாமல் கிடந்த நாய் எழும்பி ஓடிப்போய், கிடுகு வேலியின் ஓட்டைக்குள் மூக்கைக் கொடுத்து அழுதது.

அந்த ஹோர்ன் சத்தத்துக்குத் தலை நிமிர்த்துகிற சீவன் அந்த வீட்டில் அதுவரை ஒன்றுதான் இருந்தது. அது நான்.

நான் பிறந்தது அரியாலையில். வெள்ளிக்கிழமையும் விரதமும் தவிர எங்கள் வீட்டில் மீன்சட்டி அடுப்பை விட்டு இறங்காது. கலியாணத்தோடு அது முடிந்தது. தாய்வீட்டுக்குக் கணவரோடு போனால், அம்மா புதுச்சட்டி வாங்கி மரக்கறி சமைத்துவிட்டு, மீன்சட்டியை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பா. "வாயைத் திறந்திடாதை பிள்ளை" என்பா. நானும் திறக்கவில்லை, பேசவும் இல்லை, தின்னவும் இல்லை.

மத்தியானம் இருவரும் சாப்பிட இருந்தபோது, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன். "நாய் சைவமில்லை."

மாமா நிமிர்ந்தார். "சைவம் எண்டுதானே அவர் சொன்னவர்?"

"அவர் சமயத்தைச் சொல்லியிருக்கிறார், மாமா. நீங்கள் சாப்பாட்டைக் கேட்டியள். சைவமோ எண்டு வேதக்காரரிட்டைக் கேட்டால் அவர் வேறை என்னத்தை நினைப்பார்?"

கணவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். நாய்க்கு எவராவது சமயம் கேட்பார்களா என்று அவருக்கு ஒரு யோசனை. எஞ்சினியர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று அதற்குப் பிறகு ஒரு யோசனை. கடைசியில் என்னைப் பார்த்தார். "உமக்கெப்பிடி உது விளங்கினது?"

அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது. "என்னைப் பேசி வரேக்கையும் உங்கடை தரகர் உதே கேள்வியைத்தானே கேட்டவர். பொம்பிளை வீடு சைவமோ எண்டு. எங்கடை அப்பா, ஓம், நல்ல சைவம், ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போறனாங்கள் எண்டு சொன்னவர்."

நான் பருப்பை விட்டேன். கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார் மாமா.

"ஒருத்தரும் கேக்கேல்லையே, மாமா."

மாமா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். "முதல் நாயின்ரை அலுவலைப் பாப்பம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அகப்பையை எறிந்திருப்பேன். நல்லவேளை, அதில் பருப்பு இருந்தது.

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட உத்தரவானது. கணவர் ஒழுங்கைக்குப் போய், "நாய்க்கேத்த மீன் தா" என்று கேட்டிருக்கிறார். மீன்காரன் சின்னச் சூடைமீன் கொடுத்தான். நான் உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். கணவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் இடத்தை விட்டுப் போகாமல், பக்கத்திலேயே நின்றார். நாய் சட்டியைத் தள்ளித் தள்ளி வேலிவரை கொண்டுபோய் நக்கியது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. நம்பமாட்டீர்கள், ஆனாலும் உண்மை. விரலெல்லாம் மணத்தது. ஆனால் நாயின் பங்கில் கைவைக்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது.

எஞ்சினியர் வந்த ஞாயிறன்று நாய் படலையைத் தாண்டிப் பாய்ந்து அவரை விழுத்திவிட்டது. எழும்பித் தூசு தட்டியவர் அதன் விலாவைத் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "என்ன, சைவமாகிட்டானோ?" என்று கேட்டார்.

மாமா கொஞ்சமும் சிரிக்கவில்லை. "இல்லைத் தம்பி. அவனை அவன்ரை வேதத்திலையே விட்டிட்டம்" என்றார்.

எஞ்சினியர் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தனியே போனார். நாய் படலைவரை போய், கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்து மாமாவின் கதிரைக்குக் கீழே படுத்தது. கணவர் அன்று மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் முற்பகல் ஹோர்ன் சத்தம் எங்கள் படலையடியிலேயே கேட்டது. கணவர் தோட்டத்தில் நின்றார். யார் மறித்ததென்று எட்டிப் பார்த்தால், மாமா. சால்வையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, மீன்பெட்டியைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்தபடி, "அரியாலைப் பக்கத்திலை விருப்பமாய் என்ன மீன் தின்னுறவை?" என்று மீன்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீன்காரன் கொட்டில் பக்கம் வந்து வாழையிலையை விரித்தான். ஒரு பக்கம் நாய்க்குச் சூடை. மறுபக்கம் கடலேரியில் பிடித்த ஒட்டிமீன், கண் மினுங்க மினுங்க. மாமா தூரத்தில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"நாய்க்கு உப்புப் புளி போடாதை, பிள்ளை. உனக்குப் போட்டுக் காய்ச்சு."

பழப்புளி கரைக்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. புளி கூடிப்போயிற்று. அந்தக் குழம்பில் நான் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை, நாய் பார்த்துக்கொண்டே இருந்தது.